அணை ஒருவரிடம், காவல் மற்றவரிடம்

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் புறப்படுகின்றன. நம் ஊர்ப் பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், மாலையில் திரும்புகிறார்கள். மாநில எல்லை அவர்களுக்கு வழியில் வரும் ஒரு சோதனைச்சாவடி மட்டுமே.

2011 டிசம்பரில் நிலைமை மாறியது. முல்லைப் பெரியாறு பிரச்சினையில் அங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிய நாட்களில் எல்லைச் சாலைகள் அடைபட்டன; கூலி இன்றி அடுப்புகள் அணைந்தன.

அணை இருப்பது கேரளத்தில். 1886-ம் ஆண்டின் 999 ஆண்டு குத்தகைப்படி அதை இயக்கிப் பராமரிப்பது தமிழகம். காவல் காப்பதோ கேரளக் காவல்துறை. எனவே, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையை அங்கே நிறுத்த வேண்டும் என்று தமிழகம் உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. கேரளம் ஒப்பாமல் படையை அனுப்ப இயலாது என்று 2015-ல் மத்திய அரசு பதில் அளித்தது. நம் அரசியல் சாசனத்தில் காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது.

இந்தப் பதில் நமக்குக் கசக்கிறது. ஆனால் சற்றுச் சிந்திப்போம். கேரளத்தைக் கேட்காமல் அங்கே படை அனுப்பலாம் என்றால், நாளை நம்மையும் கேட்காமல் இங்கே அனுப்பலாம். மாநில உரிமையை நமக்கு ஒரு படியாலும் அயலாருக்கு வேறு படியாலும் அளக்கலாமா?

உலக அளவிலும் இதுதான் நிலை. 196 நாடுகள் சேர்ந்த இன்டர்போல் எவரையும் தானே கைது செய்வதில்லை. அது தகவல் தருகிறது. அந்தந்த நாட்டுக் காவலர்கள் தம் சட்டப்படி நடவடிக்கை எடுக்கிறார்கள்.

அப்படியானால் அணையின் காவலை ஒரு தரப்பிடமே விட்டுவிடுவதா? அதுவும் தீர்வாகாது. 2014 மே மாதம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த அனுமதித்த உச்ச நீதிமன்றம், மேற்பார்வைக்கு ஒரு குழுவையும் அமைத்தது. மத்திய அரசின் பிரதிநிதியோடு இரு மாநிலத்தவரும் அதில் இடம்பெற்றனர். நீருக்குச் செய்ததைக் காவலுக்கும் செய்யலாமே! இரு மாநில அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளலாம். பதற்றம் எழும் நாளில் எல்லை கடக்கும் தொழிலாளியைக் காக்கும் பொறுப்பும் அதில் இருக்கட்டும்.

மேலிருந்து வரும் படை சாவடியைக் காக்கலாம். மாலையில் அந்தத் தாய் அச்சமின்றி வீடு திரும்ப, இரு பக்கத்தாரின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்க நாம் ஆயத்தமா?