கரிசல் செடிக்கும் கைப்பேசியில் இடம் வேண்டும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துப் பிள்ளைகள் இன்று ஒரு செடியைப் படம் எடுத்தால் ஐநேச்சுரலிஸ்ட் செயலி அதன் பெயரை ஊகித்துச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அறிவியல் பெயர். அதையே ஆடு மேய்க்கும் பெரியவரிடம் காட்டினால் சங்கஞ்செடி என்பார். ஆடு எதைக் கடிக்கும், எதைத் தொடாது என்பதையும் சேர்த்தே சொல்வார். இந்தத் தகவல் செயலியில் கிடைப்பதில்லை.

செடிகளைப் பற்றி நூல் இல்லாமல் இல்லை. திருச்சி ராபினட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தின் கே.எம். மாத்யூ அடிகளார் 1980-களில் தமிழகத் தாவரங்களைப் பற்றிய நூலைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஆங்கிலத்தில், ஆய்வாளருக்காக எழுதியவை அவை. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு உள்ளாட்சியிலும், ஊரின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அதை ஊராட்சி அலுவலக பீரோவில் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?

கண்மாயில் சீமைக்கருவேலத்தை அகற்ற வரும் பொக்லைனுக்கு நாட்டுக்கருவேலமும் உடைமரமும் ஒன்றுதான். காய், முள், கிளை படங்களோடு ஒரு தமிழ்க் கையேடு கைப்பேசியில் இருந்தால் மேற்பார்வையாளராவது பார்த்து நிறுத்துவார்.

மாவட்ட நிர்வாகம் பதிவேடுகளைப் படங்களுடன், ஊர் வழக்குப் பெயர்களுடன் இணையத்தில் ஏற்ற வேண்டும். கௌதாரியும் முயலும் தங்கும் இடங்களை மட்டும் துல்லியமாகக் குறிக்க வேண்டாம். கண்ணி வைப்பவர்களிடமும் கைப்பேசி இருக்கிறது.

– வாசகர், திருச்சுழி