காத்திருப்பும் ஒரு நோயே!



தக்கலைக்கு அருகே வசிக்கும் என் மாமி ஒருவருக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கண் பரிசோதனைக்காக அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். சுபுஹு தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். பெயர் பதிய ஒரு வரிசை. பணம் கட்ட ஒரு வரிசை. இரத்தம் கொடுக்க மாடியில் ஒரு வரிசை. அதன் முடிவை வாங்க மீண்டும் கீழே ஒரு வரிசை. மருத்துவர் முன் மாமி அமர்ந்தபோது லுஹருக்குப் பாங்கு சொல்லி நெடுநேரம் ஆகியிருந்தது. மருத்துவர் அன்பானவர்தாம். ஆயினும் அவர் மாமியைப் பார்த்துப் பேசியது ஐந்து நிமிடம்கூட இராது. மூன்று மாதம் கழித்து மீண்டும் வரும்படி சொன்னார்.

மாமி போகவில்லை. "இனி என்னைக் கூப்பிடாத மக்ளே, அந்த வரிசையில நிக்க எனக்கு முடியாது" என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. மறு ஆண்டு ஒரு கண்ணில் பார்வை மங்கிய பிறகுதான் பதறி ஓடினோம். விழித்திரை பழுதுபட்டுவிட்டது, போன பார்வை இனித் திரும்பாது என்றார்கள்.

யாரைக் குறை கூறுவது? அன்று அங்கிருந்த மருத்துவரும் செவிலியரும் ஓய்வின்றி உழைத்ததை நானே பார்த்தேன். குறை ஆட்களிடம் இல்லை. வேலைகள் ஒழுங்கு செய்யப்பட்டிருந்த முறையில் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ என்னும் பொறியாளர் இத்தகைய குறைகளை ஆராய்ந்தார். தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், பொருள்களை அங்குமிங்கும் சுமத்தல், வேண்டாத வேலைப்படிகள், அளவுக்கு மீறிய இருப்பு, வீண் அசைவு, பிழையும் அதைத் திருத்தும் உழைப்பும் என விரயத்தை ஏழு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் களைய வழி கண்டார். இம்முறையே பின்னர் 'லீன்' என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது.

காரும் நோயாளியும் ஒன்றாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனையின் பொறுப்பாளர்களுக்கும் இந்த ஐயம் இருந்திருக்கலாம். 2002-இல் அவர்கள் ஜப்பான் சென்று இம்முறையைக் கற்றனர். தங்கள் மருத்துவமனையின் வரைபடத்தில் ஒரு நோயாளி நடக்கும் வழியை நீல நூலால் காட்டும்படி ஆசிரியர் பணித்தார். நூல் வளைந்தும் திரும்பியும் வரைபடமெங்கும் ஓடியது. நோயால் தளர்ந்தவரையே இத்தனை தூரம் அலைக்கழிக்கிறோம் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புலப்பட்டது.

ஆனால், இந்தப் பாடத்தைக் கற்க நாம் சியாட்டிலுக்குப் போக வேண்டியதில்லை. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு வாத நோயால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் ஆயிரமாயிரம் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர் அவர். உலகெங்கும் ஒரே தரத்தில் உணவு விற்கும் மெக்டொனால்ட்ஸ் கடைகளின் ஒழுங்கைக் கண்டு, கண் சிகிச்சையையும் அவ்வாறு ஏன் தர முடியாது என்று சிந்தித்தார்.

அங்கே அறுவை அரங்கில் மேசைகள் அருகருகே இருக்கும். ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவர் ஆயத்தமாகிவிடுவார். மருத்துவர் திரும்பினால் போதும், காத்திருக்க வேண்டியதில்லை. பார்வையைச் சோதிப்பது, ஆயத்தம் செய்வது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது முதலான பணிகளைச் சிற்றூர்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள் ஏற்கின்றனர். வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வாங்கிய கண் வில்லைகளை 1992 முதல் ஆரோலேப் என்னும் தங்கள் நிறுவனத்திலேயே செய்து விலையை வெகுவாகக் குறைத்தனர். விரயத்தில் மிஞ்சியது ஏழைகளுக்குப் பார்வையாகக் கிடைத்தது: கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு ஏராளமானோர் இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை பெறுகின்றனர். நம் மாவட்டத்தார் நாடிச் செல்லும் திருநெல்வேலிக் கிளை 1988-இல் தொடங்கப்பட்டது.

அரசுத் துறையிலும் இதற்குச் சான்றுண்டு. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை ஒரே இடத்தில் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, மருத்துவமனைகளுக்கு அளிக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாமி போன்றோருக்கு ஒரு வரிசை குறைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. விரயத்தைக் குறைப்பது என்றால் செவிலியரைக் குறைப்பது என்றோ, நோயாளியை அவசரமாக அனுப்பிவிடுவது என்றோ எவரும் பொருள் கொள்ளலாகாது. குறைய வேண்டியது நடையும் காத்திருப்பும் மட்டுமே. அதில் மிஞ்சும் நேரம் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே சேர வேண்டும்.

நெய்யூரில் 1838-இலேயே மிஷனரி மருத்துவப் பணி தொடங்கியது. ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மருத்துவம் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. வாசகர்களுள் மருத்துவமனை நடத்துவோரும், அங்கே பணியாற்றுவோரும், ஜமாஅத்தின் இலவச மருத்துவ முகாம்களுக்குப் பொறுப்பேற்போரும் இருப்பீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நோயாளியின் பின்னே வாசலிலிருந்து வாசல் வரை நடந்து பாருங்கள். எங்கெல்லாம் நின்றார், எவ்வளவு நேரம் நின்றார், ஒரே கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னார் என்று குறித்து வையுங்கள். அவற்றுள் ஒரு வரிசையையேனும் நீக்குங்கள்.

குடும்பத்தினருக்கும் ஒரு கடமை உண்டு. பழைய சீட்டுகளையும் மருந்துப் பட்டியலையும் ஒரே பையில் வரிசையாக வைத்திருங்கள். மீண்டும் வரச் சொன்ன நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பெரியவர் மறுத்தாலும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டுவிட்டேன். இன்று மாமி என்னைக் குரலைக் கேட்டுத்தான் முதலில் அடையாளம் காண்கிறார்.