பட்டிப்பொலயில் ஒரு சுவர் வேண்டும்

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்; 1983 கலவரத்துக்குப் பின் நாட்டைவிட்டுப் போனவர். அவருடைய மகன் அங்கே லாக்ரோஸ் ஆடுகிறான். தடுப்பாட்டக்காரன். பனிக்காலத்தில் சேர்ந்து ஆட ஆள் கிடைக்காதபோது தனியாகப் பயிற்சி செய்வதற்கென்று தந்தையார் சில கருவிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எறிந்த பந்தை எறிந்தவனுக்கே திருப்பி அனுப்பும் வலைச் சட்டம் ஒன்று. எதிராளியாகப் பாவித்துக்கொள்ள ஆள் உயரப் பொம்மை ஒன்று. கால் பழகுவதற்குத் தரையில் விரிக்கும் ஏணிப்பட்டை ஒன்று. “இவற்றில் பத்துச் செட் வாங்கி நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பலாமா? கிரிக்கெட்டுக்கும் வலைப்பந்துக்கும் உதவுமே” என்று கேட்டிருந்தார்.

நல்ல மனம். ஆனால் உடனே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு இந்தப் பதிவு.

லாக்ரோஸ் நம்மில் பலர் கண்டிராத ஆட்டம். முனையில் சிறு வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி, எறிந்து, பிடித்து ஆடுவது. கனடா 1994இல் சட்டமியற்றி அதைத் தன் கோடைக்காலத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. ஆண்களின் திறந்தவெளி ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரனின் கோல் 6 அடி வரை நீளலாம். அந்த நீளக் கோலை இடக்கையிலும் வலக்கையிலும் மாற்றி மாற்றிப் பழகுவதற்கு அந்நாட்டுப் பிள்ளைகள் முதலில் நாடுவது எந்தக் கருவியையும் அன்று, ஒரு சுவரை. பாடசாலையின் பின்புறச் சுவரில் பந்தை எறிவார்கள், திரும்பி வருவதைப் பிடிப்பார்கள். வலக்கையால் ஐம்பது, இடக்கையால் ஐம்பது. நண்பர் வாங்கிய வலைச் சட்டம் சுவரில்லாத இடத்துக்குச் சுவராக வந்த பொருள், அவ்வளவே.

ஆக, கேள்வி இதுதான்: பட்டிப்பொலயில் சுவர் இருக்கிறதா?

இலங்கைப் புகையிரதப் பாதையில் ஆக உயரமான நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடி. ஒரு பக்கம் அம்பேவெலப் பண்ணை, மறுபக்கம் ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் பாதை. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்து யார் தூரத்தில் நிற்பவன் முகம் தெரியாது. சுற்றியுள்ள மலைகளில் தேயிலையும் மரக்கறித் தோட்டங்களும். சமமாகக் கிடக்கும் நிலம் எதுவென்று பார்த்தால், ஸ்டோர், துரை பங்களா, பெரட்டுக்களம், கொழுந்து மடுவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உடைமைக்காரர் இருப்பார். எஞ்சியது சரிவு. சரிவில் பந்து விழுந்தால் தேயிலைத் தூர்களுக்குள் உருண்டு ஓடைக்குப் போய்விடும். பந்து தேடுவதிலேயே அரை மணி நேரம் கழியும், அதற்குள் இருட்டிவிடும்.

பாடசாலை விட்டதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் லயத்துக்கு நடக்க வேண்டும். ஒரு டிவிஷனுக்கும் அடுத்த டிவிஷனுக்கும் இடையில் ஒரு மலை கிடக்கிறது. ஆகவே மாலையில் பதினொரு பேர் ஓரிடத்தில் சேர்வதென்பது வார இறுதியில் மட்டும் வாய்க்கும் வாய்ப்பு. மற்ற நாட்களில் ஆட விரும்பும் பிள்ளை தனியாகத்தான் ஆட வேண்டும். டொரன்டோவில் தனிப்பயிற்சி கூடுதல் வசதி. மலையகத்தில் அதைவிட்டால் வேறு பயிற்சியே இல்லை. இதை நம் விளையாட்டு அதிகாரிகள் ஒருபோதும் கணக்கில் எடுத்ததில்லை.

லயத்தில் சுவருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். லயம் என்பதே சுவர்களின் வரிசைதானே! உண்மை. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவின் ஒவ்வொரு சுவரும் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. இந்தப் பக்கம் பையன் பந்து எறிந்தால், அந்தப் பக்கம் காலை முதல் மலையில் நின்று கொழுந்து பறித்துத் திரும்பிய ஒரு தாயின் தலைமாட்டில் இடிக்கும். கடைக்கோடிச் சுவர் ஒன்று வெளியே பார்த்து நிற்கும். அதுவும் நூறாண்டுப் பழசு. பந்து பட்டால் சாந்து உதிரும். உதிர்ந்தால் பழுது பார்ப்பது தோட்ட நிர்வாகமா, குடியிருப்பவரா என்ற வழக்கு எழும். லயத்தில் எத்தனையோ சுவர் உண்டு. ஒரு பிள்ளை தன்னுடையது என்று சொல்லிப் பந்தெறிய ஒரு சுவர் இல்லை.

எனவே பிள்ளைகள் பழைய காலுறைக்குள் பந்தைத் திணித்துக் கயிற்றில் கட்டி மரக்கிளையிலோ கூரை விட்டத்திலோ தொங்கவிடுகிறார்கள். துடுப்பை நேராக வைத்துத் தட்டித் தட்டித் தடுப்பாட்டம் பழகுகிறார்கள். இது மோசமான பயிற்சி அன்று. பந்தின் மேல் கண் நிலைக்கும். துடுப்பு நேராக இறங்கும். ஆனால் கயிற்றில் ஆடும் பந்து ஒரே பாதையில்தான் வரும். தரையில் குத்தி எழும் பந்தைக் கயிறு கற்பிக்காது.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் எழுந்து நிற்கும். “வறுமைதான் ஐயா சிறந்த ஆசான். பிராட்மன் என்ன பயிற்சிக் கூடத்திலா படித்தார்?” என்பார்கள். நம் மேடைகளில் நான் சலிக்கச் சலிக்கக் கேட்ட வாதம் இது. சிறுவன் பிராட்மன், பௌரல் ஊரில் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கொல்ஃப் பந்தை எறிந்து, அது தாறுமாறாகத் திரும்பி வரும்போது கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்றால் அடித்துப் பழகினார் என்பது உலகறிந்த கதை. அந்தக் கதையில் நம்மவர்கள் கோலையும் பந்தையும் மட்டுமே பார்க்கிறார்கள். நான் பார்ப்பது தொட்டியை. அது அவர் வீட்டுத் தொட்டி. அடித்தளம் செங்கல். முன்னால் நின்று ஆடச் சமதரை. நாள் முழுதும் அடித்தாலும் வெளியேறு என்று சொல்ல அங்கே ஒரு துரை இல்லை.

அடுத்து முரளிதரனைக் கொண்டுவருவார்கள். அவருடைய பாட்டனார் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர் என்பதும், பேரன் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார் என்பதும் நமக்கெல்லாம் பெருமை. மறுக்கவில்லை. ஆனால் முரளி லயத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் அல்லர். தந்தையார் கண்டிக்கருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். மகன் படித்தது கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே மைதானம் இருந்தது. மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாறு என்று சொல்ல ஒரு பயிற்சியாளர் இருந்தார். முரளியின் கதை சொல்வது, மைதானமும் ஆசிரியரும் கிடைத்தால் நம் பிள்ளை எதுவரை போவான் என்பதை. ஒன்றுமில்லாமலே போவான் என்பதற்கு அதைச் சான்றாக்குவது பச்சைப் பொய்.

இரண்டாவது கூட்டம், பொருள் கொடுப்பவர்கள். இவர்களிடம் எனக்குக் கோபமில்லை; வருத்தம் உண்டு. நிருபராக இருந்த காலத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விளையாட்டு உபகரணம் வழங்கும் விழாவுக்குப் போயிருந்தேன். மாலை, பொன்னாடை, புகைப்படம், எல்லாம் முறையாக நடந்தன. படம் மறுநாள் எங்கள் பத்திரிகையிலேயே வந்தது. ஆறு மாதம் கழித்து வேறு அலுவலாக அதே பாடசாலைக்குப் போனபோது துடுப்புகளும் பந்துகளும் அதிபரின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. உறைகூடப் பிரிக்கப்படவில்லை. “தொலைந்தால் கணக்காய்வில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். மேலும், எங்கே வைத்து ஆடுவது சேர்?” என்றார் அதிபர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த அலுமாரியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் நானும் திரும்பி வந்தேன். விழாவுக்குப் பத்திரிகையில் இடம் கிடைத்தது, அலுமாரிக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

நண்பரின் வலைச் சட்டங்களும் அதே அலுமாரிக்குத்தான் போகும். போகாவிட்டால், மலைநாட்டு மழையில் ஒரு பருவம் நனைந்து சட்டம் துருப்பிடிக்கும், வலை இற்றுப்போகும். மாற்று வலை நுவரெலியாக் கடைகளில் கிடைக்காது.

மூன்றாவது கூட்டம்தான் ஆபத்தானது. “நாட்சம்பளப் போராட்டம் நடக்கும் இடத்தில் பந்தும் துடுப்பும் ஒரு பிரச்சினையா?” என்று கேட்கும் தொழிற்சங்கப் பெரியவர்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 2021இல்தான் நிறைவேறியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தப் போராட்டங்களைச் செய்தியாக எழுதியவன் நான்; சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் பெரியவர்களே, முதல் கோரிக்கை எழுந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளை, அது நிறைவேறிய நாளில் ஆட்ட வயதையே கடந்திருந்தது. சம்பளப் பேச்சுவார்த்தையை அடுத்த மாதம் தொடரலாம். பத்து வயதை ஒத்திவைக்க முடியாது.

தனிப்பயிற்சி எல்லாவற்றையும் தந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தடுப்பாட்டத்தில் பாதி உடம்பு, மறுபாதி எதிராளி. கை பழகுவதற்கும், கால் இடம் மாறுவதற்கும், கண் பந்தைவிட்டு அகலாமல் இருப்பதற்கும் சுவர் போதும். எதிரே வருபவன் இடப்பக்கம் போவதாகப் போக்குக் காட்டி வலப்பக்கம் பாயும்போது ஏமாறாமல் நிற்பதை எந்தச் சுவரும் கற்பிக்காது. ஒருவன் கடந்து போனால் அவனை மறிக்க மற்றவன் நகரவேண்டும் என்ற உடன்பாட்டையும் தனியே பழக முடியாது. அதற்கு ஆட்கள் வேண்டும், மைதானம் வேண்டும். ஆனால் வார இறுதியில் மைதானத்துக்கு வரும் பிள்ளை ஐந்து நாள் சுவரோடு பழகி வந்தால், அந்த இரண்டு மணி நேரமும் ஆட்டத்துக்கே பயன்படும். சுவரில்லாதவன் அந்த இரண்டு மணி நேரத்தையும் பந்து பிடிக்கக் கற்பதில் செலவழிப்பான். நகரத்துப் பாடசாலையோடு மோதும்போது நம் பிள்ளைகள் தோற்பது இங்கேதான்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. வலைப்பந்தில் தடுப்பவள் பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளி நின்று, கை நீட்டி, எம்பி மறிக்க வேண்டும். எம்பிப் பழக ஒரு சுவரும் அதில் ஒரு கோடும் போதும். இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டிய பிள்ளைக்கு மூன்று மைலுக்கப்பால் உள்ள மைதானம் இருந்தும் இல்லாததே. லயத்துக்குப் பக்கத்தில், தாயின் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கும் சுவர் ஒன்றே அவளுடைய மைதானம்.

இனி லாக்ரோஸுக்கே திரும்புகிறேன். அந்த ஆட்டத்தைப் படைத்தவர்கள் வட அமெரிக்கப் பூர்வகுடிகள். அவர்களுள் முதன்மையானவர்கள் ஹோடினோஷோனி மக்கள். 2010இல் அவர்களுடைய அணி உலகப் போட்டிக்காக இங்கிலாந்து செல்லப் புறப்பட்டபோது, அவர்கள் தம் சொந்தக் கடவுச்சீட்டில் பயணம் செய்வதைப் பிரித்தானியா ஏற்கவில்லை. அணி போகவே இல்லை. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லாக்ரோஸைச் சேர்ப்பதென்று 2023இல் முடிவானது. கிரிக்கெட்டும் அதே தீர்மானத்தில்தான் சேர்ந்தது. தம் கொடியின் கீழ் ஆட ஹோடினோஷோனி மக்கள் அனுமதி கேட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட தேசிய ஒலிம்பிக் குழு உள்ள நாடுகளே ஆடலாம் என்பது ஒலிம்பிக் அமைப்பின் நிலைப்பாடு. ஆட்டம் அவர்களுடையது, களம் வேறு யாருடையதோ.

இதைப் படித்தபோது எனக்கு நம் கதைதான் நினைவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிப் பங்கிட்டது. மிச்சப் பிணக்கைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. குடியுரிமை வந்தது, நிலம் வரவில்லை. தேயிலை வளர்த்த நிலத்தில் நின்று பந்தெறிய இன்றும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. சுவரில்லாத பிரச்சினையின் ஆணிவேர் அங்கே கிடக்கிறது. அதை ஏணிப்பட்டையும் பொம்மையும் அனுப்பி மூட முடியாது.

சரி, என்ன செய்யலாம்? 20 அடி நீளம், 10 அடி உயரத்தில் ஒரு கொங்கிரீட் சுவர். முன்னால் 25 அடிக்குச் சீமெந்துத் தரை. பள்ளப் பக்கத்தில் பந்து ஓடாமல் கம்பிவலை. மழைக்கு மேலே தகரம். சுவரின் பின்னால் மண் சரியாதிருக்க நல்லதொரு கான். தரையின் பரப்பு 500 சதுர அடி. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. ஆக இரண்டு பேர்ச்சஸுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் ஒரு மூலை. கட்டும் வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

தோட்டக் காணிகள் அரசுக்கு உரியவை. 1992 முதல் நிர்வாகம்தான் கம்பெனிகளிடம் போனது. ஆகவே டிவிஷனுக்கு இரண்டு பேர்ச்சஸை விடுவிக்க அரசுக்கு உரிமை உண்டு. கம்பெனிக்கு அதனால் ஒரு நாள் கொழுந்தில்கூட நட்டம் வராது. மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் தம் நிதியில் துடுப்பு வாங்குவதை நிறுத்திவிட்டு, இந்த இரண்டு பேர்ச்சஸை எழுத்தில் வாங்கித் தரட்டும். வாய்ச்சொல்லில் வேண்டாம்; அடுத்த துரை வந்ததும் அது செல்லாது.

நண்பருக்கு இன்று பதில் எழுதிவிட்டேன். கருவிகளை அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பணத்தைச் சீமெந்துக்கும் கம்பிக்கும் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். நிலத்துக்கான கடிதம் கையில் கிடைக்கும்வரை ஒரு சதமும் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். கடிதம் வாங்குவது இங்குள்ளவர்கள் வேலை. தோட்ட அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் விண்ணப்பம் எழுத நான் ஆயத்தம்; கையெழுத்திடப் பெற்றோர் ஆயத்தமா என்று அடுத்த வாரம் பட்டிப்பொலக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.

கிடைத்த பதிலை, அது எதுவானாலும், இங்கேயே எழுதுகிறேன். இம்முறை அலுமாரியையும் சேர்த்து.