வனவியல் படிப்பும் வட்டிக் கணக்கும்

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்காண்டு வனவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கல்விக்கடன் வாங்கும் பெற்றோர், இந்திய வனப்பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரியின் சம்பளத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. 2024-இல் அந்தப் பணிக்கான தேர்வுக்கு நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட இடங்கள் சுமார் 150. பொறியியல், விலங்கியல் பட்டதாரிகளும் அதற்கே போட்டியிடுகிறார்கள். பலருக்கு முதலில் கிடைப்பது ஆய்வுத் திட்டங்களிலோ தொண்டு நிறுவனங்களிலோ ஒப்பந்த வேலைதான். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம், 10 சதவீத வட்டியில் நான்கு லட்சம் வாங்கினால், ஐந்தாண்டு கழித்துத் தவணை தொடங்குவதற்குள் தனிவட்டியே 1.4 லட்சம் சேர்ந்துவிடும். பிறகு பத்தாண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய் கட்ட வேண்டும். 20,000 ரூபாய் சம்பளத்தில் இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது.

காட்டைக் காக்கும் படிப்பைக் காசால் அளக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அளக்காமல் விட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே அந்த வேலையில் தாக்குப்பிடிப்பார்கள். காட்டோரக் கிராமத்துப் பெண், தவணை கட்டுவதற்காகவே வேறு வேலை தேடிப் போய்விடுவாள். படிப்பை விடச் சொல்லவில்லை; உதவித்தொகையைத் தேடி, படிக்கும்போதே முடிந்த வட்டியைக் கட்டி, கடனைச் சுருக்கச் சொல்கிறேன். காடு காக்கும் வேலையில் நீடிப்பவர்களின் வட்டிச் சுமையை அரசும் ஏற்க வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல: பொதுப்பணியில் இருந்துகொண்டு 120 தவணை கட்டியவர்களின் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்ய அமெரிக்கா 2007-லேயே சட்டம் போட்டது.