குறைந்த அழுத்தம் என்றொரு பொய்

அமெரிக்காவில் மஸ்டாங், கமாரோ கார்கள் வைத்திருப்பவர்களிடையே வேரோடிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு. அழுத்தத்தை ஆறு அல்லது எட்டு பி.எஸ்.ஐ.க்குள் வைத்துக்கொண்டால் எந்த எஞ்சினிலும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பூட்டலாமாம். எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாமாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் வேலை. திங்களன்று நூற்றைம்பது குதிரைத்திறன் கூடுதலோடு அலுவலகம் போகலாமாம். கிட் விற்பவர் இதைச் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். காரை உயிராக நேசிப்பவர்களே இதைச் சொல்லி, அப்போதுதான் முதல் கார் வாங்கிய இளைஞனையும் நம்பவைப்பதுதான் பொறுக்கவில்லை.

ஃபோர்டு என்ன செய்தது என்று பாருங்கள். 2003 மஸ்டாங் கோப்ராவின் 4.6 லிட்டர் எஞ்சின்மேல் ஈட்டன் சூப்பர்சார்ஜரை வைத்தபோது அழுத்தம் சுமார் எட்டு பி.எஸ்.ஐ.தான். அந்த எட்டுக்காக அலுமினிய பிளாக்கை விட்டுவிட்டு இரும்பு பிளாக்குக்குப் போனார்கள். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்களையும் உறுதியான கனெக்டிங் ராடுகளையும் போட்டார்கள். கம்ப்ரஷன் விகிதத்தை 9.85-லிருந்து 8.5-க்கு இறக்கினார்கள். அழுத்திய காற்றை ஆறவைக்க, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் ஒன்றும் சேர்ந்தது. டாட்ஜும் அதே வழியில்தான் போனது. அதன் 6.4 லிட்டர் சாதா எஞ்சினில் விகிதம் 10.9; சூப்பர்சார்ஜர் ஏறிய 2015 ஹெல்கேட்டில் 9.5. எஞ்சினை வரைந்த பொறியாளர்கள் இவ்வளவும் தேவை என்று கணக்குப் போட்ட இடத்தில், ஒரு பெட்டி ஸ்பேனரும் ஒரு விடுமுறையும் போதும் என்கிறார்கள் நம் நண்பர்கள்.

இந்த நம்பிக்கையின் ஆணிவேர், அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து ஆபத்தை அளப்பது. வால்வுகளைக் கடந்து உள்ளே போக முடியாமல் மேனிஃபோல்டில் தேங்கும் காற்றைத்தான் அந்த முள் காட்டுகிறது. சிலிண்டருக்குள் போன காற்று எவ்வளவு, அது எவ்வளவு சூடு, தீப்பற்றும்போது பிஸ்டன் தலையில் என்ன அடி விழுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 8.5 விகித எஞ்சினில் எட்டு பி.எஸ்.ஐ. என்பது ஒன்று, 2018-க்குப் பிந்தைய மஸ்டாங் ஜி.டி.யின் 12 விகித எஞ்சினில் அதே எட்டு முற்றிலும் வேறு.

சூட்டைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதன்மேல் ஆறு என்றால் நாற்பது விழுக்காடு ஏற்றம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே இயற்பியல்தான் இங்கும். அறுபது விழுக்காடு திறனுள்ள ரூட்ஸ் வகை ஊதிக்குள் (சூப்பர்சார்ஜருக்குள்) 30 டிகிரியில் நுழையும் காற்று, இன்டர்கூலர் இல்லையென்றால் 80 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். அதை மேலும் பன்னிரண்டில் ஒரு பங்காக நசுக்கினால், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வருமுன்பே மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். பிஸ்டனில் வளையங்கள் உட்காரும் விளிம்பு பெயர்வதும் தலையில் ஓட்டை விழுவதும் இதனால்தான். உயர் சுழற்சியில் பழைய இன்ஜெக்டர் போதுமான பெட்ரோலைக் கொடுக்க முடியாமல் திணறினால், கலவை மெலிந்து அழிவு இன்னும் விரைவாகும்.

'இன்றைய எஞ்சின் இதையெல்லாம் சமாளிக்கும், நாக் சென்சார் இருக்கிறதே' என்பார்கள். உண்மை. சென்சார் நாக்கிங்கைக் கேட்டவுடன் எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யு. தீப்பொறியைத் தாமதப்படுத்தும். அப்படித் தாமதப்படுத்தும் ஒவ்வொரு டிகிரியிலும் காசு கொடுத்து வாங்கிய திறன் குறைகிறது. வெளியேறும் புகையின் சூடு ஏறுகிறது. மட்டமான பெட்ரோல், கடும் வெயில், மலையேற்றம் ஆகியவற்றுக்காக நிறுவனம் ஒதுக்கிவைத்த பாதுகாப்பு அது. அதை அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டால், அந்த வெயில் வரும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. 93 ஆக்டேன் பெட்ரோலுக்கென ஈ.சி.யு.வில் எழுதிய டியூனோடு கலிஃபோர்னியாவில் கிடைக்கும் 91-ஐ ஊற்றி ஓட்டுபவருக்கு அந்த நாள் சீக்கிரமே வரும்.

பெல்ட்டால் ஓடும் ஊதி இலவசமாகவும் ஓடுவதில்லை. ஹெல்கேட்டில் அதை முழு வேகத்தில் சுழற்ற மட்டுமே சுமார் 80 குதிரைத்திறன் போகிறது. அந்தச் சுமையும் கிராங்க் ஷாஃப்டின் முனையில்தான் விழுகிறது.

சூப்பர்சார்ஜருக்கு நான் எதிரியல்ல. பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், அந்த எஞ்சினுக்கென்றே எழுதிய டியூன் எல்லாவற்றையும் சேர்த்து உத்தரவாதத்தோடு விற்கும் கிட்கள் இருக்கின்றன. அவை நன்றாகவே ஓடுகின்றன. அவற்றின் நற்பெயரைக் காட்டி, டியூனை மலிவாக முடித்து இன்டர்கூலரை மிச்சம் பிடித்த அரைகுறை வேலையை நியாயப்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். இந்தச் சண்டை பழையதும்கூட. பென்ட்லி கார்களை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லி தன் எஞ்சினில் ஊதி பூட்டுவதை எதிர்த்தார்; அவருடைய கார்களை ஓட்டிய பந்தய வீரர் டிம் பிர்கின் கேட்கவில்லை. 1930 லெ மான் பந்தயத்தில் ஊதி பூட்டிய பென்ட்லிகள் பாதியிலேயே நின்றுபோயின. ஊதியில்லாத பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ்கள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன.

ஆகவே கடைக்காரர், திறனை அளக்கும் டைனோ கருவியின் தாளை நீட்டி 600 குதிரைத்திறன் என்று காட்டினால், அது ஆறவிட்ட எஞ்சினை விசிறிக்கு முன்னால் நிறுத்திச் சில நொடிகள் முறுக்கி எடுத்த எண் என்பதை நினைவில் வையுங்கள். வெயில் நாளில், நிறுத்தாமல் தொடர்ந்து மூன்றாம் முறை ஓட்டியபோது பதிவான காற்றின் சூடு, பெட்ரோல்–காற்று விகிதம், தீப்பொறி எத்தனை டிகிரி பின்னுக்குப் போனது ஆகிய மூன்றையும் கேளுங்கள். அந்தப் பதிவைக் காட்ட மறுப்பவரிடம் காரின் சாவியைக் கொடுக்காதீர்கள்.