அலர்ஜியும் மருந்தாகும், ஆனால் சோதித்த பிறகு



சேராங்கொட்டை எண்ணெய் தடவினால் தோல் புற்று கரைந்துவிடும் என்று ஒரு செய்தி நம் குடும்பக் குழுவில் சுற்றுகிறது. நாலைந்து பேர் கைகூப்பி நன்றி வேறு சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் முயல வேண்டாம். அந்தச் சாறு பட்டால் தோல் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். ஆனால் இந்தப் புரளிக்குப் பக்கத்தில் ஒரு நிஜ விஞ்ஞானம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் திட்டிவிட்டு மட்டும் போக வாத்தியார் புத்தி விடவில்லை.

ஹேர் டை போட்டு முகம் வீங்கியவர்கள் நம்மிலேயே உண்டு. சின்ன ரசாயன மூலக்கூறு ஒன்று தோலிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடல் அதை அந்நியன் என்று நினைவில் வைத்துக்கொள்கிறது. மறுபடி பட்டால், ஓரிரு நாளில் டி செல் என்னும் வெள்ளணுக்கள் அந்த இடத்தில் வந்து குவிகின்றன.

1960களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் எட்மண்ட் கிளைன் என்ற மருத்துவர் தோல் கட்டிகளின் மேல் ஒரு மருந்தைப் பூசிவந்தார். சிலருக்கு அது அலர்ஜி ஆனது. அவர்களுக்குக் கட்டியும் கரைந்தது. பக்கவிளைவு என்று ஒதுக்காமல், அவர் வேண்டுமென்றே அலர்ஜியை வரவழைத்துப் பார்த்தார். டி.என்.சி.பி. என்ற ரசாயனத்தையும் பயன்படுத்தினார். 1972இல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்க்கும் ஏம்ஸ் சோதனை 1970களில் வந்தது. டி.என்.சி.பி. அதில் தேறவில்லை. புற்றைக் கரைக்கப் பூசுவதே புற்றுக்கு விதையாகிவிட்டால்? மருத்துவர்கள் மெல்ல அதைக் கைவிட்டார்கள். அதே சோதனையில் தேறிய டி.பி.சி.பி. அந்த இடத்துக்கு வந்தது. புழுவெட்டுக்கும் மருவுக்கும் நம் ஊர்த் தோல் மருத்துவர்களும் இதைப் பூசுகிறார்கள்.

சிட்னியில், தோலில் பரவிய மெலனோமா உள்ள 50 பேருக்கு இதைப் பூசிப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தோலிலிருந்த கட்டிகள் முழுதாக மறைந்தன. நல்ல செய்திதான். ஆனாலும் பூசாத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்ட சோதனை அல்ல அது. உள்ளுறுப்புக்குப் பரவிய நோய்க்கு இது மட்டும் போதாது. கொப்புளம், நெறிகட்டுதல், சிலருக்கு வெண்திட்டு எல்லாம் வரும்.

பெரிய அளவில் ஏன் சோதிக்கவில்லை? என் கருத்து இது: பழைய, மலிவான ரசாயனத்தில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. லட்சக்கணக்கில் விலையுள்ள ஊசிகளுக்குத்தான் சோதனைப் பணம் ஓடுகிறது. அந்த ஊசிகளை நான் குறை சொல்லவில்லை, உயிர் காக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியா போல இந்த நோய் மிகுந்த நாடுகளின் அரசுகள் இதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் என் மாணவர்கள் யாராவது விவரம் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

நம் நாட்டில் மெலனோமா குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும், நாமும் கவனிக்க மாட்டோம். அங்கே கரும்புள்ளி வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.