ஒரே எண்ணில் கலந்த இரு கணக்குகள்

சிட்லபாக்கத்தில் மழைநீர் தெருவில் தேங்கும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது: பனியுகங்களும் வந்து போயின, பருவநிலை என்றுமே மாறிக்கொண்டுதான் இருந்தது, இன்று மட்டும் ஏன் பதற்றம்? அந்தப் பழைய மாற்றங்களை நாம் அறிந்த விதத்தைப் பார்த்தாலே இவ்வாதத்தின் பலவீனம் புலப்படும்.

ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று கனமானது. கடல்நீர் ஆவியாகையில் இலேசானதே எளிதில் மேலெழும். பனியுகத்தில் அது துருவப் பனியில் சிறைப்பட, கடலில் கனமானதன் விகிதம் உயர்ந்தது. ஃபோரமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகளில் அவ்விகிதம் பதிந்தது. ஆனால், நீர் குளிர்ந்தாலும் ஓட்டில் அதே விகிதம் உயரும். 1955-இல் சேசாரே எமிலியானி இம்மாற்றத்தைப் பெரிதும் வெப்பநிலையின் கணக்கில் எழுதினார். 1967-இல் நிக்கோலஸ் ஷேக்கிள்டன் அதில் பெரும்பகுதி பனியின் அளவையே குறிக்கிறது என்று காட்டினார். உறைநிலையை ஒட்டியிருக்கும் ஆழ்கடல் நீர் மேலும் குளிர இடமேது? அங்கு வாழ்ந்த உயிரிகளின் ஓடுகளும் ஏறக்குறைய அதே மாற்றத்தைக் காட்டின.

பொருளியல் மாணவருக்கு இச்சிக்கல் புதிதன்று. பணமதிப்பில் வருமானம் உயர்ந்தால், ஏறியது விலையா, பெருகியது உற்பத்தியா என்பதை அந்த எண் தனியே சொல்லாது; விலைக் குறியீட்டெண்ணால் வகுத்தாக வேண்டும். ஓட்டிலுள்ள மக்னீசியம், கால்சியம் விகிதம் வெப்பநிலையைத் தனியே தருவதால், இங்கு அதுவே அக்குறியீட்டெண்.

வங்கக்கடலில் மூன்றாவது காரணமும் கலந்திருக்கிறது: ஆறுகள் கொணரும் நன்னீர். அதைப் பிரித்தெடுத்தால் பருவமழையின் வரலாறு கிடைக்கும். மகாநதி முகத்துவாரத்துக்கு அப்பால் எடுத்த கடலடிப் படிவுகளை ஆராய்ந்த ஸ்டீவன் கிளெமன்ஸ் குழு, 9 லட்சம் ஆண்டுகளின் பதிவை 2021-இல் வெளியிட்டது. கரியமில வாயு கூடிப் பனி குறைந்த காலங்களில் தென்மேற்குப் பருவமழை வலுத்தது என்பது அதன் முடிவு. பருவநிலை மாறியது உண்மையே, காரணமின்றி மாறவில்லை. கடைசிப் பனியுக உச்சத்தில் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 190 பங்காக இருந்த கரியமில வாயு, தொழிற்புரட்சிக்கு முன் 280. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

எச்சரிப்போரிடமும் ஓர் அவசரம் உண்டு. இப்பதிவு பேசுவது தென்மேற்குப் பருவமழையை. நம் தெருக்களை மூழ்கடிப்பதோ வடகிழக்குப் பருவமழை. அதன் ஈரமும் காற்றின் திசையும் புயல்களும் வேறு. மகாநதிச் சேற்றைக் காட்டித் தாம்பரம் வடிகாலின் அகலத்தைத் தீர்மானிப்பது எமிலியானியின் பிழையைவிடப் பெரிய பிழை. பொறியாளருக்கு வேண்டியவை மீனம்பாக்கத்தின் மழைப்பதிவுகள். குறிப்பாக 2015, 2023 டிசம்பர் மாதங்களின் அளவுகள்.